ஆல்பைன் பாஸ்க் பூவை விதையிலிருந்து வளர்க்கும் முறை

பல்சட்டில்லா அல்பைனா எனும் ஆல்பைன் பாஸ்க் பூவின் விதை முளைக்கவில்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது விதையின் வயதை. ஆல்ப்ஸ் மலையில் பனி உருகியதும் பூத்து, கோடையில் விதை முற்றும் செடி இது. முற்றியதும் விதைத்துவிடுங்கள், மாதக்கணக்கில் உறையில் கிடந்த விதையை நம்ப முடியாது. குளிர்காலத்தில் உறைபனி இல்லாத ஊரில் முயல வேண்டாம்.

விதைகளோடு ஒட்டியிருக்கும் இறகு போன்ற வால்கள் லேசாக இழுத்தாலே கையோடு வர வேண்டும்; அதுதான் பறிக்கும் பருவம். வாலின் அடியில் உள்ள விதையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகப் பருத்திருப்பது நல்ல விதை. தட்டையாக நசுங்குவது பதர். செடியின் சாறு தோலைப் புண்ணாக்கும், தின்றால் நஞ்சு. கையுறை கட்டாயம்.

ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் 15 செ.மீ. ஆழத் தொட்டியாவது வேண்டும். தோட்ட மண் 1 பங்கு, இலைமக்கு 1 பங்கு, 3–5 மி.மீ. சரளை 2 பங்கு. வெள்ளைப் பூ வகைக்குச் சுண்ணாம்புக்கல் சரளை உகந்தது. மஞ்சள் பூக்கும் அப்பீஃபோலியா வகைக்குச் சுண்ணாம்பு ஆகாது, கருங்கல் சரளைதான்.

வாலை 1 செ.மீ. விட்டு நறுக்கி, வால் மேலே இருக்கும்படி 2 செ.மீ. இடைவெளியில் ஊன்றி, மேலே 5 மி.மீ. சரளை பரப்புங்கள். இது பாசியைத் தடுக்கும், தண்டடி அழுகலைக் குறைக்கும். தொட்டியை வெளியே நிழலில் வையுங்கள். மண் காயவும் கூடாது, நீர் தேங்கவும் கூடாது. சில விதைகள் அந்த இலையுதிர்காலத்திலேயே முளைக்கும். மற்றவை பனியைத் தாங்கி வசந்தத்தில் வரும். பழைய விதைதான் கிடைத்தது என்றால் ஈர மணலில் கலந்து, குளிர்பெட்டியில் 4–5 டிகிரியில் 8–12 வாரம் வைத்துவிட்டு ஊன்றலாம். எதுவானாலும் இரண்டாம் வசந்தம் வரை தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

நாற்றுக்கு விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு மூன்று உண்மை இலைகள் வந்ததும், வேரைச் சுற்றிய மண் உதிராமல் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். வேர் அறுந்தால் செடி தேறுவது கடினம். நத்தைகள் இளந்தளிரை ஒரே இரவில் மேய்ந்துவிடும். இலையுதிர்காலத்தில் இலை முழுதும் காய்ந்துபோகும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், குருத்து மண்ணுக்கடியில் இருக்கிறது. உறைபனியைவிடக் குளிர்கால ஈரம்தான் அந்தக் குருத்தை அழுக வைக்கும். அடர்மழை ஊர்களில் மேலே ஒரு கண்ணாடித் தகடு சாய்த்து வைப்பது நல்லது.

நிலத்தில் நடும் இடம் நல்ல வெயிலாக இருக்கட்டும். பிறகு இடம் மாற்றவே கூடாது. பூக்க 3 முதல் 5 ஆண்டு பிடிக்கும். உரம் கொட்டினால் இலைதான் கொழுக்கும்.