ஏரிக்கரையில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் ரோட்டைப் பாருங்கள்

ஓகஸ்ட் மாதம் வந்து ஏரியைப் பார்த்துவிட்டு வீடு வாங்காதீர்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. கனடாவில் ரொறன்ரோ பக்கம், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வீட்டு விலை ஏறிய ஏற்றத்தில் நம்மவர்கள் சிலர் வடக்கே பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் வேலை, ரிசோர்ட்டில் வேலை, பெற்றோல் ஸ்டேஷன், மோட்டல் என்று ஒன்ராறியோ மாகாணத்தின் ஏரிப் பிரதேசங்களான மஸ்கோகா, ஹாலிபர்ட்டன் பக்கம் குடும்பத்தோடு வந்து இறங்குபவர்களைச் சந்திக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் எங்கள் நண்பர் குடும்பத்துக்கு நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாது.

நாங்கள் இருப்பது டோர்செட். 35ஆம் நெடுஞ்சாலையும் 117ஆம் நெடுஞ்சாலையும் சேரும் இடம், லேக் ஒஃப் பேஸ் ஏரி ஒடுங்கிப் பாலத்துக்குக் கீழே போகும் இடத்தில் ஒரு சின்ன ஊர். இலையுதிர் காலத்தில் நிறம் பார்க்க ரொறன்ரோவிலிருந்து கார் கட்டிக்கொண்டு வந்து ஏறுவீர்களே, காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரம் நின்ற குன்றில் 1967இல் எழுப்பிய 30 மீற்றர் கோபுரம், அந்த ஊர்தான். ஊரின் ஒரு பக்கம் மஸ்கோகா, மறுபக்கம் ஹாலிபர்ட்டன். எந்தப் பக்கம் வீடு என்பதைப் பொறுத்து டவுன்ஷிப், அதாவது உள்ளூராட்சி, மாறும், வரி மாறும், குப்பை விதி மாறும், எதற்கு யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பதும் மாறும். விலாசத்தை வைத்து அதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

அரசாங்க அலுவல்கள் பெரிய விஷயமில்லை. ஹெல்த் கார்ட், லைசென்ஸ் விலாசத்தை ஒன்லைனில் மாற்றலாம். கடிதம் வீட்டு வாசலுக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், தபாலகத்தில் பெட்டி எடுக்க வேண்டியிருக்கும். பாதையோரம் இலக்கம் போட்ட ஒரு பலகை நிற்கும், அதுதான் உங்கள் 911 இலக்கம், அவசரத்துக்கு அழைக்கும்போது சொல்ல வேண்டிய வீட்டு இலக்கம். அதைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அம்புலன்ஸ் அதைத்தான் தேடும். ஸ்காபரோவில் இருக்கும் குடும்ப வைத்தியரை இங்கே ஒருவர் கிடைக்கும்வரை விட்டுவிடாதீர்கள். அவசரப் பிரிவு ஹன்ட்ஸ்வில்லிலும் ஹாலிபர்ட்டனிலும் இருக்கிறது. மின்டனில் இருந்ததை 2023 ஜூன் 1ஆம் திகதி மூடிவிட்டார்கள், பழைய நினைவில் அங்கே ஓடாதீர்கள். மோட்டர் படகு ஓட்டத் தனி அட்டை வேண்டும், ஒரு தடவை எடுத்தால் வாழ்நாளுக்கும் போதும். மீன் பிடிக்க 18 முதல் 64 வயதுவரை அவுட்டோர்ஸ் கார்டும் அனுமதியும் வேண்டும். பனிக்கால டயரைச் சட்டம் கேட்காது, இந்த மலைப் பாதை கேட்கும். சரி, அவ்வளவுதான்.

இனி ரோட்டுக் கதை.

எங்கள் நண்பர், நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம், ஸ்காபரோவில் இருந்த கொண்டோவை விற்று, அந்தக் காசிலேயே இங்கே பக்கத்து ஏரி ஒன்றில் வீடு வாங்கினார். அண்ணா, அக்கா, பள்ளிக்கூடம் போகும் மகன், அண்ணாவின் அப்பா. நல்ல வீடு. சுவருக்குள் வெப்பக்காப்பு, புரொப்பேன் எரிவாயு ஹீட்டர், விறகு அடுப்பு, தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க மின்கம்பி எல்லாம் இருந்தது. விளம்பரத்தில் நான்கு காலத்துக்கும் ஏற்ற வீடு என்று போட்டிருந்தார்கள். வீட்டைப் பொறுத்தவரை அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் டவுன்ஷிப் ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவான மண்பாதை டவுன்ஷிப்பின் பாதை அல்ல. அது தனியார் பாதை. குளிர்காலத்தில் அதில் ஒருவரும் பனி தள்ளுவதில்லை.

ஸ்காபரோவில் இருந்துவிட்டு வரும் நமக்கு ரோட்டு என்றால் ரோட்டுத்தான், இரவு பனி கொட்டினால் விடிய முன் லொறி வந்து தள்ளிவிட்டுப் போகும், தள்ளாவிட்டால் சிட்டிக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தலாம். இங்கே மூன்று வகை உண்டு. டவுன்ஷிப் வருடம் முழுவதும் பராமரிக்கும் பாதை ஒன்று. டவுன்ஷிப்பின் பாதைதான், ஆனால் குளிர்காலத்தில் பராமரிப்பு இல்லை என்று பலகை போட்ட பாதை இன்னொன்று. மூன்றாவது தனியார் பாதை, அதில் கோடைகால வீடு வைத்திருக்கும் கொட்டேஜ்காரர்கள் சங்கம் வைத்து வருடாவருடம் காசு சேர்த்துக் கிறவல் போடுவார்கள். அவர்கள் ஒக்டோபரில் தாங்க்ஸ்கிவிங் முடியத் தண்ணீர்க் குழாயை வடித்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மே மாதம்வரை வரமாட்டார்கள். அவர்கள் ஏன் பனி தள்ளக் காசு கொடுக்கப் போகிறார்கள்? அண்ணா சங்கத்தில் கேட்டுப் பார்த்தார். பனி தள்ளினால் கிறவல் கிளறுப்படும், யாராவது சறுக்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று மறுத்துவிட்டார்கள். ஒன்ராறியோ சட்டப்படி வழியை நினைத்தபடி மறிக்க ஒருவருக்கும் உரிமையில்லை, அது உண்மை. ஆனால் அதே சட்டத்தைக் காட்டி எனக்குப் பனி தள்ளித் தா என்று ஒருவரையும் கேட்க முடியாது.

வாங்கும்போது இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மோட்கேஜ் எடுத்திருந்தால் வங்கியே கேட்டிருக்கும்: வருடம் முழுவதும் கார் போகுமா, போகாதா என்று பார்த்துத்தான் முற்பணத்தையே தீர்மானிப்பார்கள். அண்ணா கையில் இருந்த காசில் வாங்கியதால் அந்தக் கேள்வி எழவே இல்லை. ஏஜென்ட் நம்மவர்தான், நகரத்தில் நிறைய வீடு விற்றவர், ஏரிக்கரை வீடு அவருக்குப் புதிது, காரில் ஓகஸ்டில் வந்து ஓகஸ்டில் போனவர். சட்டத்தரணியின் காகிதக் கட்டில் தனியார் பாதை என்று ஒரு வரி இருந்தது, அதற்கு அர்த்தம் என்ன என்று அவர் எடுத்துச் சொல்லவில்லை. கடன் இல்லாமல் வீடு வாங்க வேண்டும் என்று வருடக்கணக்காக இரண்டு வேலை செய்த மனிதருக்கு அந்த ஒரு வரியைப் படித்துக் காட்ட ஆளில்லாமல் போய்விட்டது.

நவம்பர் கடைசியில் முதல் பெரிய பனி. தனியாக ஒருவரைப் பிடித்துப் பனி தள்ளினார்கள். அவருக்கு ஊர் முழுக்க வேலை, இவர்கள் முறை வர மத்தியானம் ஆகிவிடும். பள்ளிக்கூட பஸ் டவுன்ஷிப் ரோட்டைத் தாண்டி உள்ளே வராது, பொடியன் இருட்டில் அவ்வளவு தூரமும் நடந்தான். புரொப்பேன் லொறி ஒருநாள் வந்து, இறக்கத்தில் மணல் போடவில்லை, உள்ளே போனால் திருப்ப இடமில்லை என்று திரும்பிப் போனது. அதில் சாரதியைக் குறை சொல்ல முடியாது. ஜனவரி நடுவில் கடும் குளிர் வந்த கிழமை டாங்க் வெறுமையாகி, ஹீட்டர் நின்று, விறகு அடுப்பின் சூடு எட்டாத பக்கம் குழாய் வெடித்து, சமையலறைக்குக் கீழே தண்ணீர் பனிக்கட்டியாக நின்றது. காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிட்டது. எடுக்கும்போது தொலைபேசியில் கொட்டேஜ் என்று சொல்லி எடுத்ததால் அது கோடைகால வீட்டுக்கான பத்திரமாம், உறைவினால் வரும் சேதம் அதில் இல்லையாம்.

அதைவிடப் பெரியது ஐயாவுக்கு, அண்ணாவின் அப்பாவுக்கு, நடந்தது. இரவில் நெஞ்சு நோவு. அம்புலன்ஸ் டவுன்ஷிப் ரோட்டில் நின்றுவிட்டது, அதில் வேலை செய்யும் பிள்ளைகள் முழங்கால் பனியில் நடந்து வந்து அவரைச் சறுக்குப் பலகையில் கிடத்தி இழுத்துக்கொண்டு போனார்கள். ஐயா தப்பிவிட்டார், இப்போது மார்க்கத்தில் மகளோடு இருக்கிறார். அந்த இரவை அக்கா சொல்லும்போது நான் அழுதேன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து பாதையில்லாமல் நடந்த மனிதரை இந்த வயதில், இந்த நாட்டில், பாதையில்லாமல் இழுத்துக்கொண்டு போக வேண்டி வந்ததே என்று.

ஆகவே வீட்டை விரும்பிய அன்றே டவுன்ஷிப் அலுவலகத்தின் ரோட்டுப் பகுதிக்குத் தொலைபேசி எடுங்கள். 911 இலக்கத்தைக் கொடுத்து, பெப்ரவரியில் இந்த வாசல்வரை நீங்கள் பனி தள்ளுவீர்களா என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்வார்கள், நல்ல மனிதர்கள். நில வகைப்பாட்டில் மட்டுப்படுத்தப்பட்ட சேவை என்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். அப்படியென்றால் தீயணைப்பு வாகனமும் அம்புலன்ஸும் வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தனியார் பாதை என்றால் சங்கத்தின் ஒப்பந்தத்தை வாங்கிப் பாருங்கள், குளிர்காலத்தில் அங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் வருடம் முழுவதும் இருந்தால் பிரச்சினை பாதியாகக் குறையும். வீடு வாங்குவதற்கு முன்பே புரொப்பேன் நிறுவனத்தோடு பேசுங்கள். காப்புறுதியில் இது நிரந்தர வீடு என்பதை எழுத்தில் வையுங்கள். விறகு அடுப்பு இருந்தால் அது பாதுகாப்பானதா என்று பார்க்கும் வெட் (WETT) பரிசோதனைப் பத்திரம் கேட்பார்கள். சட்டத்தரணி இந்தப் பகுதியில் வேலை செய்பவராக இருக்கட்டும், தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஏரியைச் சுற்றி 66 அடி அகல நிலம் பழைய நில அளவையில் பொது வழிக்கென்று ஒதுக்கியது, முன்னைய உரிமையாளர் அதை டவுன்ஷிப்பிடம் வாங்கியிருக்காவிட்டால் உங்கள் டெக் மட்டுமல்ல, வீட்டின் ஒரு மூலையும் டவுன்ஷிப் காணியில் நிற்கும். இப்படிப்பட்டதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

வாடகைக்கு வருபவர்களும் இதே கேள்விகளைக் கேளுங்கள். மேலதிகமாக ஒன்று: செப்டெம்பரில் மலிவாகக் கிடைக்கும் வீடு ஜூனில் உங்களுடையதா? கோடையில் கிழமைக் கணக்கில் நல்ல விலைக்கு விடலாம் என்பதால் மே மாதத்தோடு எழும்பச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

செப்டிக் பற்றிக் கொஞ்சம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எவ்வளவு தூரம் வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம். இங்கேயும் அதே கவலைதான், பாறைக்கு மேலே மெல்லிய மண், கீழே ஏரி. தாளித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதீர்கள், கறிச்சட்டியைக் கடதாசியால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். பிறந்தநாளுக்கு ஐம்பது பேரைக் கூப்பிட்டால் வெளியே தற்காலிகக் கழிப்பறை ஒன்றை வாடகைக்கு எடுங்கள், டாங்க் நான்கு பேருக்கென்று போட்டது. நிரம்பிய டாங்கை மார்ச், ஏப்ரலில் இறைக்கலாம் என்று விடவும் வேண்டாம். நிலம் இளகும் அந்தக் காலத்தில் பாதைகளுக்குப் பாரக் கட்டுப்பாடு, கனமான லொறி வராது. இலையுதிர் காலத்திலேயே செய்துவிடுங்கள்.

விறகு வாங்கும்போது எந்த அளவு, புஷ் கோர்டா, ஃபேஸ் கோர்டா என்று கேளுங்கள். புஷ் கோர்ட் 128 கன அடி, ஃபேஸ் கோர்ட் பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். விலையைக் கேட்டு மலிவு என்று சந்தோஷப்பட்டவர்களுக்கு டிசம்பரிலேயே விறகு முடிந்துவிடும்.

மின்சாரம் போனால் கிணற்றுப் பம்ப் நிற்கும், அதனால் தண்ணீரும் இல்லை. 2025 மார்ச் கடைசியில் ஐஸ் புயல் வந்தபோது இந்தப் பிரதேசத்தில் நாட்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் ஏராளம். ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை: 90களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல், ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுச் சிக்கன விளக்கில் படித்த எங்களுக்கு இருட்டு புதிதில்லை. வாளிகளில் தண்ணீர் நிரப்பி, விறகு அடுப்பிலேயே கஞ்சி வைத்து, பக்கத்து வீட்டுக் கிழவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் வாசலை அவர்தான் தன்னுடைய டிராக்டரில் தள்ளுகிறார், காசு கொடுத்தால் வாங்கமாட்டார், பருத்தித்துறை வடை மட்டும் வாங்குவார்.

குப்பையை வெளியே வைக்காதீர்கள், கறுப்புக் கரடி வரும், அதுவும் மீன் கழுவிய கழிவென்றால் அன்று இரவே வரும். மே கடைசி, ஜூனில் பிளாக் ஃப்ளை என்ற சின்னக் கறுப்பு ஈ கடிக்கும், பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். இரவில் ஏரியில் பாட்டை உரக்கப் போடாதீர்கள், தண்ணீருக்கு மேலே சத்தம் மறுகரைவரை போகும்.

தனிமை இருக்கும், மறைக்க மாட்டேன். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய் வர அரைநாளுக்கு மேல் போய்விடும். பச்சை மிளகாய் ஹன்ட்ஸ்வில்லில் கிடைக்கும், கருவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்காது. ஆனாலும் விட்டுப் போக மனமில்லை, என் பிள்ளைகள் லூன் பறவையின் குரலை வைத்தே அது கூப்பிடுகிறதா பயந்து கத்துகிறதா என்று சொல்கிறார்கள்.

வீடு பார்க்க வருவதென்றால் மார்ச்சில் வாருங்கள். பனி மிச்சமிருக்கும், சேறும் இருக்கும், பாதையின் உண்மையான நிலை தெரியும். ஏஜென்ட் மே மாதம் வரட்டும் என்பார், கேட்காதீர்கள். வர முடியாதவர்கள் விலாசத்தை எனக்கு அனுப்புங்கள், பனி கொட்டிய மறுநாள் நானே காரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். வரும்போது கருவேப்பிலை ஒரு கட்டு கொண்டுவந்தால் போதும்.