பயோசென்சரின் ஒரு மைக்ரோ ஆம்பியரை அளக்கும் சர்க்யூட்: படிப்படியாக

குளுக்கோஸ் சென்சாரில் என்சைம் விடுவிக்கும் எலக்ட்ரான்கள் மிகச் சிறிய மின்னோட்டமாக வரும். அதை அளக்கக்கூடிய வோல்டேஜாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. என்னுடைய சின்ன எலக்ட்ரோடில் அளவெடுக்கும் நேரத்தில் 2 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் வருவதில்லை. ப்ரெட்போர்டும் சால்டரிங்கும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆப்-ஆம்ப் (சின்ன சிக்னலைப் பெருக்கும் ஐசி). எல்எம்358 வேண்டவே வேண்டாம். மலிவுதான், எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் அதன் இன்புட்டே பத்துக்கணக்கான நானோ ஆம்பியரை இழுக்கும். எம்சிபி6002 வாங்குங்கள், அது இழுப்பது சுமார் 1 பிக்கோ ஆம்பியர்.

படி 2: 3.3 வோல்ட்டிலிருந்து கிரவுண்டுக்கு 24கே, 3.9கே, 5.1கே ரெசிஸ்டர்களை இதே வரிசையில் தொடராக இணையுங்கள். நடுவில் 0.9 வோல்ட், 0.51 வோல்ட் என இரண்டு புள்ளிகள் கிடைக்கும். 0.51-ஐ ஐசி-யின் 5-ஆம் காலுக்குக் கொடுத்து, 6, 7 இரண்டையும் சேர்த்து, 7-இலிருந்து 1கே வழியாக சென்சாரின் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுக்கு. 0.9 போவது 3-ஆம் காலுக்கு. 2-ஆம் காலில் வொர்க்கிங் எலக்ட்ரோடு, அதாவது என்சைம் இருக்கும் எலக்ட்ரோடு. 1-க்கும் 2-க்கும் இடையே 1 மெகாஓமும் 100 நானோஃபாரட் கெபாசிட்டரும் இணையாக (பேரலலாக). 8-இல் சப்ளை, 4-இல் கிரவுண்ட். அந்தக் கெபாசிட்டரை விட்டுவிடாதீர்கள், வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பெரும்பாலும் அதுதான் அடக்குகிறது.

படி 3: சென்சாருக்குப் பதில் 390கே ரெசிஸ்டர் போடுங்கள். 0.9-க்கும் 0.51-க்கும் உள்ள 0.39 வோல்ட் வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட 1 மைக்ரோ ஆம்பியர் ஓடும், அவுட்புட் (1-ஆம் கால்) 1 வோல்ட் உயர்ந்து 1.9-இல் நிற்க வேண்டும். இது வராமல் குளுக்கோஸ் கரைசல் பக்கமே போகாதீர்கள்.

படி 4: இங்கேதான் எனக்கு மூன்று வாரம் போனது. ப்ரெட்போர்டில் சரியாக இருந்தது, போர்டில் சால்டர் செய்ததும் சென்சாரே மாட்டாமல் அவுட்புட் 0.9-க்குப் பதில் 0.85 காட்டியது, மழை நாளில் இன்னும் இறங்கியது. ஐசி-யை இரண்டு முறை மாற்றினேன், என்சைமைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், சப்ளை வயருக்கும் 2-ஆம் காலுக்கும் நடுவே படிந்திருந்த சால்டரிங் பேஸ்ட். 50 மில்லிவோல்ட் குறைவு என்றால் 50 நானோ ஆம்பியர் கசிவு, 2.4 வோல்ட் வித்தியாசத்துக்கு அது வெறும் 48 மெகாஓம். பல மீட்டர்களில் வைத்தால் ஓபன் என்றே காட்டும்!

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றிப் பழைய டூத்பிரஷால் நன்றாகத் தேய்த்து, முழுக்கக் காயவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தை விரலால் தொடக் கூடாது. இப்போதெல்லாம் 2-ஆம் காலைப் போர்டில் செருகாமல் வெளியே வளைத்து, காற்றிலேயே பற்றவைக்கிறேன். பார்க்க அழகில்லை, ஆனால் கசிவு போயே போச்சு.

படி 5: அவுட்புட்டை ஏடிஎஸ்1115-க்கு (வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஐசி) கொடுத்து 0.9-ஐக் கழித்தால், ஒரு வோல்ட்டுக்கு ஒரு மைக்ரோ ஆம்பியர்.

பின்சேர்க்கை: துளி விட்டவுடன் அவுட்புட் 3.3-இல் ஒட்டிக்கொள்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பழுது இல்லை. தொடக்கத்தில் மின்னோட்டம் பெரிதாகக் கிளம்பி, நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். துளி விட்டுச் சரியாக 10-ஆவது விநாடியில் அளவெடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே விநாடியில். அப்போதும் ஒட்டியே இருந்தால் 1 மெகாஓமுக்குப் பதில் 100கே போடுங்கள், அப்போது ஒரு வோல்ட்டுக்கு 10 மைக்ரோ ஆம்பியர்.

இது கற்றுக்கொள்வதற்கான சர்க்யூட். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் இந்த எண்ணை வைத்து மருந்தளவை மாற்றாதீர்கள், தயவுசெய்து.