599 ரூபாய் கண்டக்டரும் 199 ரூபாய் கண்டக்டரும்

ரங்கநாதன் தெருவில் ஒரு பிளாட்பாரக் கடையில் என் கண்டக்டர் தொங்கிக்கொண்டிருந்தார். 29சி பஸ்ஸில் விரலிடுக்கில் டிக்கெட்டும் வாயில் விசிலுமாக நிற்கும் அந்தப் படத்தை, சைதாப்பேட்டை வீட்டில் மூன்று ராத்திரி கண்விழித்து வரைந்தவள் நான். என் இணையச் சேனலின் கடையில் அந்தப் படம் போட்ட டீ-ஷர்ட் 599 ரூபாய். அங்கே 199. டிக்கெட்டின் மூலையில் பாட்டி வீட்டுக் கதவு எண்ணைப் பொடி எழுத்தில் போட்டிருந்தேன். அதுவும் அச்சு பிசகாமல் இருந்தது.

ஆத்திரத்தில் அன்றைக்கே போட்டோ எடுத்து இன்ஸ்டா ஸ்டோரியில் போட்டேன். பாதிப் பேர் திருடனைத் திட்டினார்கள். மீதிப் பேர் "எந்தக் கடை அக்கா?" என்று கேட்டார்கள். எனவே, உங்கள் படத்தை யாராவது இப்படித் திருடி விற்றால், முதலில் வாயை மூடிக்கொண்டு ஒன்றை வாங்குங்கள். பிளாட்பாரத்து அண்ணனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மூட்டையாக எடுத்து விற்பவர் அவர். தன்மையாகக் கேட்டதற்கு, "ஆன்லைன்லயே இருக்கேம்மா" என்று போனை நீட்டிக் காட்டிவிட்டார்.

ஆன்லைனில் வாங்கினால் பில் வரும். அந்தப் பில்தான் தங்கம். அதில் விற்பவர் பெயரும், ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் அந்த எண்ணும் இருக்கும். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 33 என்றால் தமிழ்நாடு. எனக்கு வந்தது 24, அதாவது குஜராத். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் லாகின் இல்லாமலே சட்டப்படியான பெயரும் தொழில் நடக்கும் முகவரியும் கிடைக்கும். பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். விற்பனைப் பக்கத்தின் முகவரி, விலை, தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே ஃபோல்டரில் போகட்டும். புகார் கொடுத்த பிறகு தேடினால் அந்தப் பக்கமே இருக்காது.

அப்புறம், அதை விற்கும் ஆன்லைன் தளத்திடம் புகார். பக்கத்தின் கீழே இருக்கும் 'ரிப்போர்ட்' பட்டனை நம்பி நான் ஒரு வாரம் வீணடித்தேன். அறிவுசார் சொத்து மீறலுக்கு, அதாவது அடுத்தவர் படைப்பைத் திருடுவதற்கு, தனிப் படிவம் இருக்கும். அதில்தான் எழுத வேண்டும். கோபக் கதை வேண்டாம். உங்கள் அசல் படம், லேயர்களோடு (வரைந்த அடுக்குகள் தனித்தனியாக) இருக்கும் கோப்பு, முதலில் வெளியிட்ட தேதி, போலியின் இணைப்பு, இவை போதும். பாட்டி வீட்டுக் கதவு எண் இங்கேதான் கைகொடுத்தது. தற்செயலாக ஒரே மாதிரி வரைந்தேன் என்று எவனும் சொல்ல முடியாதே! 2013 பதிப்புரிமை விதிகளின்படி, எழுத்துப்பூர்வப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அந்தத் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் அந்தப் பக்கத்தைத் திரும்பப் போட்டுவிடலாம். காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது விற்பதற்கு முன் செய்ய வேண்டியது. வரைந்த நொடியிலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. டிசைனாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதியாமல், அதைப் போட்ட பொருளை இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் தயாரித்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை போய்விடும். சுவரில் மாட்டும் ஓவியத்துக்கும் டீ-ஷர்ட் டிசைனுக்கும் நடுவே கோடு எங்கே என்பது வக்கீல்கள் சண்டை போடும் இடம். எதிராளி இதைத்தான் முதலில் எடுப்பார். நான் முதல் லாட்டிலேயே 120 அடித்திருந்தேன்! படத்தை இன்ஸ்டாவில் போடுவதற்கு முன்பே டிசைன் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். தனிநபருக்கு 1,000 ரூபாய். வெளியிட்ட பிறகு புதுமை இல்லை என்று தள்ளிவிடுவார்கள்.

சேனல் பெயரும் லோகோவும் டிரேட்மார்க் (வணிகக் குறி). பொருளின் வகைக்கேற்ப வகுப்பு வாரியாகப் பதிய வேண்டும். துணிக்கு 25-ஆம் வகுப்பு, கப்புக்கு 21, ஸ்டிக்கருக்கு 16. ஆன்லைனில் போட்டால் தனிநபருக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய். அலுவலகம் சென்னை கிண்டியில்தான், ஆனால் நேரில் போக வேண்டியதில்லை. பதிவாகும்வரை டிஎம் குறி மட்டும் போடுங்கள். வட்டத்துக்குள் ஆர் போட்டால் அது குற்றம்.

இன்னொன்று, கொஞ்சம் உறுத்தும். என் பழைய டீ-ஷர்ட்டுகளில் மூன்றில் சினிமா வசனம் இருந்தது, ஒன்றில் ஒரு நடிகரின் முகம். அனுமதி கேட்கவில்லை. குஜராத்துக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் முன் அவற்றைக் கடையிலிருந்து இறக்கினேன்.

குஜராத்துக்காரர் நோட்டீஸுக்குப் பதில் எழுதவில்லை, பக்கம் மட்டும் காணாமல் போனது. ஒன்றரை மாதத்தில் வேறு பெயரில் வந்தது, அதே ஜிஎஸ்டி எண். ஃபோல்டர் தயாராக இருந்ததால் இரண்டாவது புகாருக்குப் பத்தே நிமிடம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு தேடிப் பார்க்கிறேன், 'கண்டக்டர்' என்பதைத் தப்பும் தவறுமாக எழுதியும்.