கொழும்பு வெயிலுக்குத் தடித்த ஒயில் வேண்டுமா?

தாச்சியில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். விட்டவுடன் மெதுவாகப் பரவும். சூடேறிய பிறகு தாச்சியைச் சாய்த்தால் தண்ணீர் போல ஓடும். எஞ்சின் ஒயிலும் அப்படித்தான். 5டபிள்யூ-30 என்ற இலக்கமுள்ள ஒயில் 40 பாகை செல்சியஸில் இருக்கும் தடிப்பு, 100 பாகையில் ஏறக்குறைய ஆறில் ஒன்றாகிவிடும்.

ஒயில் தடித்துக் கிடந்தால் அதைத் தள்ளிக் கலக்குவதிலேயே எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும், பெற்றோலும் கூடுதலாக எரியும். அளவுக்கு மீறி மெலிந்தாலோ சுழலும் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்கும் ஒயில் படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் உரசும்.

படி 1: காரின் கைநூலில் உள்ள ஒயில் இலக்கத்தைப் பாருங்கள்

"எங்கட வெயிலுக்குத் தடித்த 20டபிள்யூ-50 ஒயில் போடுங்கோ" என்று சொல்பவர்கள் கொழும்பில் நிறையப் பேர். அப்பாவின் காருக்கு நானும் அப்படிப் போட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வால்வுப் பக்கம் டக்கு டக்கென்று சத்தம் கேட்கும். தடித்த ஒயில் மேலே ஏறிச் சேர நேரம் எடுத்தது.

எஞ்சின் சூடானதும் ஒயில் பெரும்பாலும் 90 முதல் 110 பாகைக்குள் நிற்கும். கொழும்பானாலும் நுவரெலியாவானாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. இலக்கத்தின் பின்பாதி இந்தச் சூட்டுக்கானது, முன்பாதி குளிர்ந்த நிலைக்கானது. நமக்கு 28 பாகை வெக்கை; எஞ்சினுக்கு அது குளிர்தான். டொயோட்டா அக்வா காரின் கைநூலில் 0டபிள்யூ-20 என்று போட்டிருந்தால், பேரிங் இடைவெளியும் ஒயில் பம்பும் அதற்கென்றே அமைந்தவை. அதையே ஊற்றுங்கள்.

படி 2: அரை நிமிடம் போதும்

ஸ்டார்ட் செய்து நெடுநேரம் நிறுத்தி வைத்தால் ஒயில் மிக மெதுவாகத்தான் சூடேறும். அரை நிமிடத்தில் கிளம்புங்கள், ஆனால் அக்சிலரேற்றரை மென்மையாக மிதியுங்கள். மீற்றரில் ஏறும் சூட்டு முள் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டுகிறது. ஒயில் அதற்குப் பின்னால்தான் வரும், அதனால் முள் நடுவுக்கு வந்த பிறகும் இன்னும் பத்து நிமிடம் மென்மையாகவே ஓட்டுங்கள்.

படி 3: வாரம் ஒருமுறை நன்றாகச் சூடாக்குங்கள்

கொழும்பு ஓட்டத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். வெள்ளவத்தையிலிருந்து பக்கத்திலுள்ள பம்பலப்பிட்டிக்குப் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருகிறீர்கள். ஒயில் சூடாகுமுன் எஞ்சின் நின்றுவிடும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியும் எரியாத பெற்றோல் துளிகளும் ஒயிலில் கலந்து, ஆவியாகிப் போக வழியின்றித் தங்கிவிடும். பெற்றோல் ஒயிலை மெலியவைக்கும். ஈரம் கசடையும் துருவையும் கொண்டுவரும். அடிக்கடி எஞ்சின் நின்று நின்று ஓடும் ஹைபிரிட் கார்களில் இது இன்னும் எளிதாக நடக்கும்.

ஒயில் மூடியைத் திருகி உட்பக்கம் பாருங்கள். பால்தேநீர் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தால் அநேகமாக இந்த ஈரம்தான். ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் ரேடியேற்றர் தண்ணீர் கலந்திருக்கக்கூடும், காரை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கட்டுநாயக்க அதிவேக வீதி ஏறக்குறைய 26 கிலோமீற்றர். ஒருமுறை போய் வந்தாலே ஒயில் நன்றாகச் சூடாகி ஈரம் வெளியேறும்.

படி 4: அளவைப் பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுங்கள். ஒயில் குறைந்திருந்தால், மிச்சம் இருப்பதே முழுச் சூட்டையும் தாங்கவேண்டி வரும். சீக்கிரம் கெட்டும் போகும்.

அப்புறம், கைநூலில் கடினமான பாவனைக்கென்று தனி அட்டவணை இருக்கிறதா என்று தேடுங்கள். குறுந்தூர ஓட்டமும் நெரிசலில் நின்று நின்று போவதும் பெரும்பாலும் அதில்தான் வரும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் தினமும் ஓட்டுபவர் அந்த அட்டவணைப்படியே ஒயில் மாற்றவேண்டும்.