அல்ஜீப்ராவில் டி வந்துவிட்டது, வகுப்பை மறுபடி எடுக்க வேண்டுமா? (கலிபோர்னியாப் பெற்றோருக்கு)

மகள் பத்தாவது முடித்த ஜூன் மாதம் கிரேடு வந்தது. அல்ஜீப்ரா 2: முதல் செமஸ்டர் சி, இரண்டாவது செமஸ்டர் டி. அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. "முழு வருஷத்தையும் மறுபடி எடுக்கட்டும், காலேஜ் அப்ளிகேஷன்ல இந்த ரெண்டுமே இருக்கக் கூடாது" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அது சரியில்லை என்று புரிய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் கோடை வகுப்புகளில் நல்லவை எல்லாம் நிரம்பிவிட்டன. உங்களுக்கு அந்த மூன்று வாரம் வீணாகக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

யுசி (கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்), சிஎஸ்யு (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) இரண்டுக்கும் விண்ணப்பிக்கப்போகும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். தனியார் கல்லூரிகள் ஒவ்வொன்றுக்கும் தனி வழக்கம் உண்டு. ஏ-ஜி என்பது இந்த இரண்டிலும் சேரப் பள்ளியில் முடித்திருக்க வேண்டிய பாடங்களின் பட்டியல். பள்ளிக் கவுன்சலரை எப்படிப் பிடிப்பது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படி 1: டிரான்ஸ்கிரிப்டை எடுங்கள்

பள்ளியின் ஆப்பில் தெரியும் வருடக் கிரேடை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். டிரான்ஸ்கிரிப்டில், அதாவது பள்ளி தரும் அதிகாரபூர்வக் கிரேடுப் பதிவில், செமஸ்டர் வாரியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். யுசி கணக்கில் ஒவ்வொரு செமஸ்டரும் தனித்தனி. பாடத்தின் பெயரையும் பாருங்கள். சில பள்ளிகளில் அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2 என்ற வரிசை இருக்கும், சிலவற்றில் இன்டக்ரேட்டட் மேத் 1, 2, 3 இருக்கும். இரண்டும் செல்லும்.

படி 2: சி-யைத் தொடாதீர்கள்

நாங்கள் முதலில் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஏ-ஜி பாடத்துக்கு சி வந்தால் போதும். யுசி பிளஸ், மைனஸ் பார்ப்பதில்லை, சி மைனஸும் சி-தான். சி அல்லது அதற்கு மேல் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் அந்த ஏ யுசி ஜிபிஏ-வில் (கிரேடுகளின் சராசரிப் புள்ளியில்) சேராது. டி, எஃப் வந்தவற்றை மட்டும்தான் திரும்ப எடுத்து, புதிய கிரேடைக் கணக்கில் சேர்க்க முடியும்.

ஆக, மகளுக்கு முதல் செமஸ்டரைத் திரும்பப் படிப்பதால் யுசி அப்ளிகேஷனில் ஒரு பயனும் இல்லை. முழு வருடத்துக்கும் பணம் கட்டியிருந்தால் பாதிப் பணமும் பாதிக் கோடையும் போயிருக்கும். கவுன்சலர் இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் நம்பவே இல்லை. யுசி-யின் சொந்தத் தளத்தில் அந்த வரியைத் தேடி எடுத்துக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

படி 3: மேல் வகுப்பு கீழ் வகுப்பை அடைக்குமா?

கணிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. யுசி இதை 'வேலிடேஷன்' என்கிறது. மேல் நிலைப் பாடத்தில் சி வாங்கினால், கீழ்ப் பாடத்தில் இருக்கும் ஓட்டை அடைபட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அல்ஜீப்ரா 2-இல் டி வாங்கிய பிள்ளை அதற்கு அடுத்த வகுப்பான பிரிகால்குலஸில் சி வாங்கினால், அல்ஜீப்ரா 2-க்கான தகுதி நிறைவேறிவிடும். ஒரே பாடத்துக்குள்ளும் இது உண்டு: முதல் செமஸ்டர் டி, இரண்டாவது சி என்றால் பின்னது முன்னதை அடைத்துவிடும். எங்களுக்கு இது தலைகீழாக அமைந்துவிட்டது.

இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஜியாமெட்ரியை எடுக்காமலே விட்டிருந்தால் எந்த மேல் வகுப்பும் அதை அடைக்காது. டேட்டா சயன்ஸ் வகுப்பு அல்ஜீப்ரா 2-ஐ அடைக்கும் என்று பழைய வாட்ஸாப் செய்தி ஒன்று இன்னும் சுற்றுகிறது. 2023 ஜூலையில் யுசி-யின் பேராசிரியர் குழு அந்த வழியை மூடிவிட்டது.

ஓட்டை அடைபட்டாலும் அந்த டி டிரான்ஸ்கிரிப்டில் இருக்கத்தான் செய்யும். தகுதியை முடிப்பதற்கும் கிரேடை மாற்றுவதற்கும் நடுவே உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

படி 4: ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

யுசி ஜிபிஏ-வுக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் பின் வரும் கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பின் வரும் கோடை வரை உள்ள ஏ-ஜி கிரேடுகள் மட்டும். ஏ 4, பி 3, சி 2, டி 1. கடினமான வகுப்புகளுக்குக் கூடுதலாகத் தரும் ஹானர்ஸ் புள்ளிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

உதாரணத்துக்கு 20 செமஸ்டர் கிரேடுகள் என்று எடுத்துக்கொள்வோம். 9 ஏ, 8 பி, 2 சி, 1 டி. கூட்டினால் 65, இருபதால் வகுத்தால் 3.25. அந்த ஒரு டி, பி-யாக மாறினால் 67, அதாவது 3.35. ஒரே ஒரு செமஸ்டர் ஜிபிஏ-வை 0.1 தூக்குகிறது. கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு யுசி கேட்கும் குறைந்தபட்சம் 3.0. பிள்ளை 2.95-இல் நின்றால் தயங்காமல் வகுப்பைத் திரும்ப எடுக்க வையுங்கள். 3.9-இல் இருந்து ஒரே ஒரு டி என்றால் பிரிகால்குலஸில் கவனம் வைப்பதே மேல் என்பேன்.

"எஸ்ஏடி-யில் நல்ல மதிப்பெண் வாங்கிச் சரிக்கட்டலாமே" என்று எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒருவர் சொன்னார். யுசி சேர்க்கைக்கு எஸ்ஏடி என்ற அந்தப் பொதுத் தேர்வைப் பார்ப்பதே இல்லை. ஆகவே வகுப்புக் கிரேடுக்குத்தான் எடை.

படி 5: பழைய டெஸ்ட் தாள்களைப் பரப்பி வையுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு சனிக்கிழமை காலை இரண்டாவது செமஸ்டர் டெஸ்ட் தாள்கள் எல்லாவற்றையும் ஹாலில் தரையில் பரப்பினோம். நானும் மகளும் மட்டும். அப்பா அன்று கோயிலுக்குப் போய்விட்டார், அதுவும் நல்லதாகப் போயிற்று.

தப்புகளை மூன்று குவியலாகப் பிரித்தோம்: கவனக்குறைவு, எழுதாமல் விட்டது, புரியாதது. ஹோம்வொர்க்கில் பூஜ்யம் விழுந்தவை தனிப் பட்டியல். லாகரிதம்தான் அவளைக் கவிழ்த்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். தாளைப் பார்த்தால் லாகரிதம் விதிகளைச் சரியாகவே எழுதியிருக்கிறாள், அதன் பின்னால் வரும் அல்ஜீப்ராவில் விழுகிறாள். நம்மூர்ப் பாணியில் எழுதுகிறேன்: (அ + 3)² என்று வந்த இடத்தில் எல்லாம் அ² + 9 என்று போட்டிருந்தாள். நடுவில் வரவேண்டிய 6அ எங்குமே இல்லை. பதினோரு தாளில் ஏழு இடம். நான் ஒரு சதுரம் வரைந்து, பக்கத்தை அ என்றும் 3 என்றும் பிரித்து, உள்ளே நான்கு கட்டம் போட்டுக் காட்டினேன். மூலையில் இருந்த இரண்டு 3அ கட்டங்களை விரலால் தொட்டவள், கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத்தனை நாளா இந்த ரெண்டையும் விட்டுட்டேனாம்மா?" என்றாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தோம். இந்த ஓட்டையோடு பிரிகால்குலஸுக்குப் போனால் அங்கேயும் அதே கதைதான். தாளில் கவனக்குறைவும் வராத ஹோம்வொர்க்கும் மட்டும் தெரிந்திருந்தால், வகுப்பைத் திரும்ப எடுக்காமல் பிரிகால்குலஸ் வழியில்தான் போயிருப்போம். உங்கள் பிள்ளைக்கு எது என்று தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

படி 6: எங்கே எடுப்பது

எங்களை இரண்டாவது முறை விழவைத்தது இந்தப் படி. "பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் சம்மரில் எடுத்துக்கொள்ளலாம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கிடையாது" என்று எல்லோரும் சொன்னார்கள். ஃபீஸ் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் அட்டவணையைத் திறந்து பார்த்தால் அல்ஜீப்ரா 2-க்கு ஈடான இன்டர்மீடியட் அல்ஜீப்ரா வகுப்பே இல்லை. ஏபி 705, அதற்குப் பின் 2022-இல் வந்த ஏபி 1705 ஆகிய மாநிலச் சட்டங்களுக்குப் பிறகு, அங்கே கல்லூரி நிலைக்குக் கீழான கணித வகுப்புகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டன. நான்கு கல்லூரி அட்டவணைகளைப் புரட்டின பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

மிச்சம் இருந்தவை:

- உங்கள் பள்ளி மாவட்டத்தின் சம்மர் ஸ்கூல். கிடைத்தால் இதுவே முதல் தேர்வு. ஆனால் 'கிரெடிட் ரெகவரி' என்று வரும் சில வகுப்புகள் பள்ளிப் படிப்பை முடிக்க மட்டும் உதவும், ஏ-ஜி ஆகாது. கேட்டுக்கொள்ளுங்கள்.
- ஏ-ஜி அங்கீகாரம் உள்ள ஆன்லைன் வகுப்பு. யுசி-யே நடத்தும் யுசி ஸ்கவுட் இருக்கிறது, வேறு பலவும் உண்டு. ஆசிரியர் இருந்து கிரேடு தரும் வகைதானா என்று பார்த்துச் சேருங்கள்.
- கம்யூனிட்டி காலேஜில் மேல் நிலை வகுப்பு. அல்ஜீப்ரா 2-இலேயே தடுமாறிய பிள்ளையை ஆறு வாரப் பிரிகால்குலஸில் தள்ளாதீர்கள். அங்கே வாங்கும் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஏறி, பின்னாளிலும் கூடவே வரும்.

எதில் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் இரண்டு காரியம். யுசி-யின் ஏ-ஜி கோர்ஸ் லிஸ்ட் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரும் அந்தப் பாடமும் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். பிறகு, வெளி வகுப்பை ஏற்றுக்கொள்கிறோம் என்று உங்கள் பள்ளிக் கவுன்சலரிடம் ஈமெயிலில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது, ஆகஸ்டில் கவுன்சலர் மாறிவிடலாம்.

மகள் ஆன்லைனில் இரண்டாவது செமஸ்டரை மட்டும் எடுத்தாள். ஆறு வாரம், தினமும் மூன்று மணி நேரம்.

என்ன வைத்துப் படித்தாள்

கான் அகாடமி பயிற்சிக்கு அருமை. ஆனால் வீடியோவைப் பார்த்துவிட்டுப் புரிந்தது என்று எழுந்துவிடுவார்கள், அதனால் முதலில் கணக்கு, மாட்டிக்கொண்டால் மட்டும் வீடியோ என்று வைத்தோம். வரைபடத்துக்கு டெஸ்மோஸ், வேறு எதுவும் தேவையில்லை. போனில் படம் எடுத்தால் விடை தரும் ஆப்களை அந்த ஆறு வாரமும் நீக்கிவிட்டோம். ஐபேடில் எழுதுவதையும் நிறுத்தினேன். கோடு போட்ட நோட்டு, பேனா, அடித்தது அடித்தபடியே இருக்க வேண்டும். தப்பை அழித்துவிட்டால் அடுத்த வாரம் அதைத் தேடிப் பார்க்க முடியாது.

படி 7: அப்ளிகேஷனில் இரண்டையும் எழுதுங்கள்

பழைய டி, புதிய பி இரண்டையும் போட வேண்டும். யுசி-க்கு விண்ணப்பிக்கும்போது கிரேடுகளை நாம்தான் தட்டச்சு செய்கிறோம், சேர்க்கை கிடைத்த பிறகு டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிடுவார்கள். டி-யை மறைத்து அது பிறகு தெரியவந்தால் கிடைத்த இடமே ரத்தாகலாம்.

பின்னர் சேர்த்தது

கருத்துகளில் ஒரு சகோதரி, மகன் ஏ-ஜி பட்டியலில் இல்லாத ஆன்லைன் வகுப்பை முடித்துவிட்டு, அதே பாடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டிவந்ததாக எழுதியிருந்தார். நிறுவனத்தின் தளத்தில் 'அங்கீகாரம் பெற்றது' என்று போட்டிருந்ததாம். அது வேறு அங்கீகாரம். ஆகவே படி 6-ஐத் தாண்டாதீர்கள்.

இன்னொருவர் கேட்டது: "அக்கா, பொண்ணு பன்னிரண்டாவது போய்ட்டா, இப்ப எடுத்தா பயன் உண்டா?" தகுதிக்கு உண்டு, ஜிபிஏ-வுக்கு இல்லை. பதினொன்றுக்குப் பின் வரும் கோடையோடு அந்தக் கணக்கு மூடிவிடும். அல்ஜீப்ரா 2-இல் டி நிற்கிறது, பிரிகால்குலஸும் எடுக்கவில்லை என்றால், நாளைக் காலையே கவுன்சலருக்கு ஈமெயில் போடுங்கள் தங்கச்சி. அப்ளிகேஷன் கெடு நவம்பர் கடைசியை ஒட்டி வரும், இலையுதிர் செமஸ்டர் வகுப்பில் சேர அதற்கு வெகு முன்பே கதவு மூடிவிடும்.