ஜப்பான் – தென்கிழக்கு ஆசிய மாணவர் பரிமாற்றம்: கையெழுத்திடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்கும் தென்கிழக்கு ஆசியப் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே மாணவர் பரிமாற்ற ஒப்பந்தங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1991இல் ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கென யூமாப் என்ற பல்கலைக்கழக மாணவர் பரிமாற்ற அமைப்பு உருவானது. 1995இல் ஆசியான் பல்கலைக்கழக வலையமைப்பு வந்தது. 2010இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் முன்னோட்டத் திட்டமாகத் தொடங்கிய எய்ம்ஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் (தில்லி மருத்துவமனைக்கும் இதற்கும் தொடர்பில்லை) 2013இல் ஜப்பானையும் சேர்த்துக்கொண்டது. இவற்றுக்கு வெளியே பல்கலைக்கழகங்கள் தமக்குள் நேரடியாகச் செய்துகொண்ட ஒப்பந்தங்களும் ஏராளம். அவற்றில் பல, துணைவேந்தர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட நாளோடு கோப்புக்குள் உறங்கப் போய்விடுகின்றன. நட்புணர்வைப் பற்றிப் பக்கக்கணக்கில் பேசும் ஒப்பந்தம், எந்தத் தேதியில் வகுப்பு தொடங்கும், எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்பதைப் பற்றி ஒரு வரியும் பேசாமல் விட்டுவிடுவதே இதற்கு முதன்மையான காரணம். அங்கே தீர்மானிக்காமல் விட்டதையெல்லாம் பின்னால் மாணவரே சுமக்க நேர்கிறது.

முதல் தவறு நாட்காட்டியில் நிகழ்கிறது. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. முதல் பருவம் ஜூலை இறுதி அல்லது ஆகஸ்ட் தொடக்கம் வரையும், இரண்டாம் பருவம் செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபரிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரையும் நடக்கும். தாய்லாந்தில் முன்பு ஜூனில் தொடங்கிய கல்வியாண்டை, ஆசியான் அண்டை நாடுகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக 2014இல் பல பல்கலைக்கழகங்கள் ஆகஸ்டுக்கு மாற்றின. அப்படி மாற்றிய இடங்களில் முதல் பருவம் டிசம்பரோடு முடிந்து, இரண்டாம் பருவம் ஜனவரியில் தொடங்கிவிடுகிறது. இப்போது இவ்விரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலையுதிர்ப் பருவத்துக்கு ஜப்பான் செல்லும் தாய்லாந்து மாணவர் பிப்ரவரியில் தேர்வை முடித்துக்கொண்டு திரும்பும்போது, சொந்தப் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் கடந்திருக்கும்; வருகைப்பதிவு விதி கண்டிப்பாக உள்ள துறையில் அந்தப் பருவமும் அவருக்குப் போய்விடும். சரி, வசந்த காலத்தில் போகலாம் என்றால், ஏப்ரல் என்பது அவருடைய இரண்டாம் பருவத்தின் பிற்பகுதி. ஒரு பருவப் பரிமாற்றம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது, நடைமுறையில் ஓராண்டை விழுங்கிவிடுகிறது.

எதிர்த்திசையில் இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஜப்பானிய மாணவர் தம் முதல் பருவத் தேர்வை முடித்துவிட்டு ஆகஸ்டில் பாங்காக் சென்று டிசம்பரில் திரும்பினால், அவர் இழப்பது ஒரு பருவம் மட்டுமே. எனவே இரு திசைக்கும் ஒரே விதியை எழுதுவது சமத்துவம்போலத் தோன்றினாலும் சமமான பலனைத் தருவதில்லை. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தைப் போலக் கல்வியாண்டை நான்கு கூறாகப் பிரித்துக்கொண்ட இடங்களில், ஒரு கூறு மட்டும் தங்கிப் படித்துவிட்டு ஆண்டு முடிவதற்குள் திரும்பிவிட வழி உண்டு. அந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் கோடைக்காலத் தீவிர வகுப்புகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எப்படியாயினும், கையெழுத்துக்கு முன்பே இரண்டு ஆண்டுகளுக்கான இரு நாட்காட்டிகளையும் வாரம் வாரமாக ஒரே தாளில் எழுதிப் பார்க்காத கூட்டாண்மை, முதல் குழு திரும்பி வரும் நாளிலேயே தடுமாறத் தொடங்கும்.

அடுத்தது கிரெடிட் கணக்கு, அதாவது ஒரு பாடத்தின் படிப்புச் சுமையை அளக்கும் அலகின் கணக்கு. ஜப்பானிய விதிப்படி ஒரு கிரெடிட் என்பது, வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்ந்து 45 மணி நேரம். மலேசியாவில் அது 40 மணி நேரம். இந்தோனேசியாவில் வாரத்துக்கு 170 நிமிடம் வீதம் 16 வாரங்கள் என்று கணக்கிட்டால் அதுவும் ஏறத்தாழ 45 மணி நேரமே. யூமாப் அமைப்பின் அலகு 38 முதல் 48 மணி நேரம் வரை இடம் கொடுப்பதால் எல்லாமே அதற்குள் அடங்கிவிடுகிறது. எண்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதுதான் ஏமாற்றுகிறது. ஜப்பானில் வாரத்துக்கு ஒரு முறை 90 நிமிடம் நடக்கும் ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 2 கிரெடிட் கிடைக்கும்; மாணவரின் சொந்தப் பல்கலைக்கழகத்திலோ அதே தலைப்பிலான பாடம் 3 கிரெடிட் கொண்டதாக இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்க்கும் பன்னாட்டு உறவு அலுவலகம் சரி என்று சொல்லும். பாடத்திட்டத்தின் அலகுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் துறைத்தலைவர் ஒப்புக்கொள்ள மறுப்பார். இதில் துறைத்தலைவர் பக்கமே நியாயம் என்று சொல்வேன். ஆனால் அவர் அதைச் சொல்ல வேண்டிய நேரம் மாணவர் புறப்படுவதற்கு முன்பு. இந்தோனேசியா 2020இல் கொண்டுவந்த கம்புஸ் மெர்தேகா (சுதந்திர வளாகம்) கொள்கை, வேறொரு பல்கலைக்கழகத்தில் 40 கிரெடிட் வரை படிக்க வழி திறந்துவிட்டது. அப்படியிருந்தும், எந்தப் பாடம் எதற்கு ஈடு என்ற கேள்வி துறையின் மேசைக்குத்தான் வந்து நிற்கிறது.

இதே கணக்கில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரு பருவத்துக்கு வரும் பரிமாற்ற மாணவர்கள், மாணவர் வசிப்புத் தகுதியை (ஜப்பானில் மாணவராகத் தங்குவதற்கான குடிநுழைவு அனுமதியை) தக்கவைத்துக்கொள்ள வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வகுப்பில் இருக்க வேண்டும் என்று பல ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் வலியுறுத்துகின்றன. 90 நிமிட வகுப்பாகக் கணக்கிட்டால் ஏழு பாடங்கள். ஆங்கிலத்தில் நடத்தப்படும் பாடங்கள் துறைக்கு இரண்டோ மூன்றோ இருக்கும் இடத்தில், மீதியை ஜப்பானிய மொழி வகுப்புகளால்தான் நிரப்ப முடியும். அவற்றைச் சொந்தப் பல்கலைக்கழகம் விருப்பப் பாடமாகவாவது ஏற்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மேலும், ஏப்ரலில் சேர்பவர்களின் பெயர்களை முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே அனுப்பியாக வேண்டும். புதிய ஆண்டின் பாட விவரங்களோ பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் வெளியாகும். ஆகவே மாணவர் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் சென்ற ஆண்டுப் பட்டியலிலிருந்துதான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாற்றுப் பாடத்தையும் சேர்த்தே ஒப்புதல் வாங்கிவைப்பதுதான் இதற்குத் தெரிந்த ஒரே மருந்து.

எண்ணிக்கைச் சமநிலை பற்றிய தவறு சற்று நுட்பமானது. கட்டண விலக்கோடு கூடிய பரிமாற்றத்தில், வருபவரும் போகிறவரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. மலேசிய, இந்தோனேசிய, வியட்நாமிய மாணவர்கள் ஒரு பருவமோ ஓராண்டோ தங்க விரும்புகிறார்கள். ஜப்பானிய மாணவர்களோ இரண்டு மூன்று வாரப் பயணங்களையே அதிகம் நாடுகிறார்கள். சில ஆண்டுகளில் கணக்கு ஒருபக்கம் சாய்ந்து, இடங்கள் நிறுத்திவைக்கப்படுகின்றன. ஜப்பானிய இளைஞர்களுக்கு வெளியுலக ஆர்வம் குறைந்துவிட்டது என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். வேலைவாய்ப்புக் கால அட்டவணையைப் பார்த்தால் கதை வேறு. மூன்றாம் ஆண்டுக் கோடையில் நிறுவனப் பயிற்சிகள், அவ்வாண்டின் இறுதியில் மார்ச் 1 முதல் நிறுவனங்களின் அறிமுகக் கூட்டங்கள், நான்காம் ஆண்டில் ஜூன் 1 முதல் தேர்வு, அக்டோபர் 1இல் முறையான பணி உறுதி என்பது அரசு வகுத்த வழிகாட்டு வரிசை. நடைமுறையில் பல நிறுவனங்கள் இதற்கும் முந்திக்கொள்கின்றன. இந்த வரிசைக்கு நடுவே ஒரு பருவம் வெளிநாடு போ என்று மூன்றாம் ஆண்டு மாணவரிடம் சொல்வது வீண். இரண்டாம் ஆண்டு மாணவர்களை இலக்காகக் கொள்ளலாம். குறுகிய காலம் வருவோர் இத்தனை பேர் ஒரு பருவ இடத்துக்குச் சமம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். சிபா பல்கலைக்கழகத்தின் ட்வின்கிள் திட்டம், ஜப்பானிய மாணவர்களைத் தென்கிழக்கு ஆசியப் பள்ளிகளுக்கு அனுப்பி அறிவியல் பாடம் எடுக்கவைத்தது. குறுகிய காலமென்றாலும் செய்வதற்கு உருப்படியான வேலை இருந்தால் மாணவர்கள் வருவார்கள் என்பதற்கு அது நல்ல சான்று.

பணத்திலும் ஆவணங்களிலும் நேரும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. ஜப்பானின் மாணவர் உதவி நிறுவனமான ஜாஸ்ஸோ பரிமாற்ற மாணவர்களுக்கு வழங்கும் மாதம் 80,000 யென் உதவித்தொகைக்கு, அதன் 3.00 அளவுகோலில் குறைந்தது 2.30 தரப்புள்ளி வேண்டும். அதற்கான இடங்களும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அதை உறுதியான வசதியாக அறிவிப்புப் பலகையில் போடுவது, நடுத்தரக் குடும்பத்து மாணவரை நடுவழியில் நிறுத்திவிடும். வசிப்புத் தகுதிச் சான்றிதழ் வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் ஜப்பானில் நுழைய வேண்டும்; குடியேறிய 14 நாட்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும்; தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும்; 20 வயது நிரம்பியவர் ஓய்வூதியத் திட்டத்திலும் பதிவுசெய்து, கட்டண விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். குறுகிய காலத் திட்டங்களில் வேறொரு பள்ளம் இருக்கிறது. மூன்று வார முகாமுக்கு வரும் மலேசிய மாணவருக்கு விசா தேவையில்லை, ஏனெனில் அவருக்கு 90 நாள் விலக்கு உண்டு. தாய்லாந்து மாணவருக்குள்ள விலக்கு 15 நாள்தான். பிலிப்பீன்ஸ் மாணவருக்கு முதல் நாளிலிருந்தே விசா வேண்டும். ஒரே குழுவுக்கு ஒரே கடைசித் தேதியை அறிவித்தால் பாதிப் பேர் விமான நிலையத்துக்கே வரமாட்டார்கள்.

அன்றாட வாழ்க்கை என்றதும் பண்பாட்டு அதிர்ச்சி பற்றிய பேருரைகள் தயாராகிவிடுகின்றன. உண்மையில் தேவைப்படுவது பாட அட்டவணையில் ஒரு சிறு திருத்தம்: வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகையும் மதிய இடைவேளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருவதால், அந்த இடைவேளையை ஒட்டிய வகுப்பில் கட்டாயப் பாடத்தை வைக்காமல் இருந்தாலே இந்தோனேசிய, மலேசிய மாணவர் பலரின் சிக்கல் தீர்ந்துவிடும். உணவிலும் ஹலால் அடையாளம் இருந்தால் எல்லோருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் சைவ உணவுக்காரத் தமிழ் மாணவர், வெறும் சோயாக் குழம்பென்று நம்பிக் குடிக்கும் மிசோ சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனில், அதாவது நம் மாசிக் கருவாட்டின் ஜப்பானிய உறவில், எடுக்கப்பட்டது.

ஆட்களைப் பற்றிய தவறு எல்லோருக்கும் தெரிந்தும் திரும்பத் திரும்ப நிகழ்வது. பல கூட்டாண்மைகள், முனைவர் பட்டத்துக்கு ஜப்பானில் படித்த ஒரு பேராசிரியருக்கும் அவருடைய பழைய வழிகாட்டிக்கும் இடையேயான பற்றுதலில் பிறந்தவை. வழிகாட்டி ஓய்வுபெற்றதும் கடிதங்களுக்குப் பதில் வருவது நின்றுவிடுகிறது. ஜப்பானிய அரசுப் பல்கலைக்கழகங்களில் அலுவலர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஏப்ரல் 1 அன்று, வேறு பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். கல்வி அமைச்சின் திட்ட நிதியில் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்ட ஒருங்கிணைப்பாளர், அந்த நிதியின் ஐந்தாண்டு முடிந்ததும் விலகிவிடுவார். தனிநபரின் மின்னஞ்சலுக்குப் பதிலாக அலுவலகத்தின் பொது முகவரி, ஒவ்வொரு மார்ச் மாதமும் கைமாற்றக் குறிப்பு, இரு பக்கமும் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள் என்ற ஏற்பாட்டுக்குச் செலவு ஏதும் இல்லை.

கடைசியாக, மாணவர் ஊர் திரும்பிய பிறகு வரும் மதிப்பெண் பட்டியல். பிப்ரவரியில் முடியும் பருவத்தின் அதிகாரபூர்வப் பட்டியல் ஜப்பானிலிருந்து பெரும்பாலும் மார்ச்சில்தான் கிளம்பும். அதற்குள் சொந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்புக்கோ உதவித்தொகைப் புதுப்பிப்புக்கோ உரிய கெடு கடந்திருக்கலாம். இறுதிப் பருவ மாணவர்களை இலையுதிர்ப் பரிமாற்றத்துக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதும், தேர்வு முடிந்த உடனே தற்காலிக முடிவுக் கடிதம் ஒன்றை அனுப்பும் பொறுப்பை ஒப்பந்தத்தின் இணைப்பில் எந்த அலுவலகத்துக்கு என்று பெயர் சொல்லியே எழுதுவதும் இதற்குப் போதுமானவை.