கறுப்பின மாணவர்களின் கம்ப்யூட்டர் படிப்புக்கு உதவித்தொகை: எதை முதலில் செய்வது?

பெரிய பெயருள்ள ஸ்காலர்ஷிப்பைத் தேடப் போவதற்கு முன், அமெரிக்க மத்திய அரசின் கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா (FAFSA) விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். மேரிலாந்தில் ஒரு அரசுப் பள்ளியில் கோடிங் கிளப் நடத்துகிறேன். வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். நல்ல மூளையும் உழைப்பும் உள்ள பிள்ளைகள், பணம் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுவதைப் பார்க்கும்போது மனசு தாங்காது. பெரும்பணம் முதலில் அரசிடமும் அடுத்து கல்லூரியிடமும்தான் இருக்கிறது. வெளி அமைப்புகள் அதற்குப் பிறகுதான். உங்களைப் போல் பள்ளிகளில் தன்னார்வலராக இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபாஃப்ஸா வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். கட்டணம் கிடையாது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதன் வழியாகத்தான் பெல் கிராண்ட் என்னும் அரசு உதவித்தொகை வரும். 2025-26 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. விண்ணப்பத் தளத்தில் மாணவருக்கு ஒரு கணக்கு, பெற்றோருக்குத் தனிக் கணக்கு. வருமான வரி விவரத்தை எடுத்துக்கொள்ளப் பெற்றோர் சம்மதம் தர வேண்டும். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், கடந்த 12 மாதங்களில் பிள்ளையின் செலவை அதிகம் தாங்கியவர்தான் நிரப்ப வேண்டும். பாட்டி வீட்டில் வளர்கிற பிள்ளையா? பாட்டி சட்டப்படி தத்தெடுத்திருந்தால் ஒழிய அவர் பெற்றோராகக் கணக்கில் வரமாட்டார். இந்த இடத்தில் பல விண்ணப்பங்கள் நின்றுவிடும். பள்ளி கவுன்சலரை அப்போதே பிடியுங்கள்.

அடுத்து கல்லூரிகள். கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளை இரண்டாம் தரமாக நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. அது தவறு. வட கரோலினா ஏ அண்ட் டி, நாட்டுக்குக் கறுப்பினப் பொறியாளர்களை அதிகம் தரும் கல்லூரிகளில் முன்னணியில் நிற்பது. வாஷிங்டனில் உள்ள ஹோவர்டின் கார்ஷ் ஸ்டெம் ஸ்காலர்ஸ் திட்டம், முனைவர் பட்டம் வரை போக விரும்பும் அறிவியல், கம்ப்யூட்டர் மாணவர்களுக்கானது. அதற்கு முன்மாதிரி, எங்கள் மாநிலத்து யு.எம்.பி.சி. கல்லூரியில் 1988-இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டம். கறுப்பின இளைஞர்களுக்காகத் தொடங்கிய அது 1996-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இவற்றுக்கான கெடு, கல்லூரியின் சேர்க்கைக் கெடுவுக்கு முன்பே முடிந்துவிடலாம். அதனால் தேதியைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

அப்புறம்தான் வெளி அமைப்புகள். ரான் பிரவுன் ஸ்காலர் திட்டம் நான்கு ஆண்டுகளுக்கு 40,000 டாலர் தருகிறது. ஜாக்கி ராபின்சன் அறக்கட்டளையில் பணத்தோடு வழிகாட்டியும் கிடைப்பார். எனக்குப் பணத்தைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது. கறுப்பினக் கல்லூரிகளுக்கும் மாணவர்களுக்கும் நிதி திரட்ட 1944 முதல் இயங்கும் யு.என்.சி.எஃப். அமைப்பின் தளத்தில் பல ஸ்காலர்ஷிப்புகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். என்.எஸ்.பி.இ. என்னும் கறுப்பினப் பொறியாளர் சங்கம் பள்ளி மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள். அமேசான் ஃபியூச்சர் இன்ஜினியர் ஸ்காலர்ஷிப் எல்லா இனத்தவருக்குமானது என்றாலும், கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கப்போகும் பிள்ளை கட்டாயம் பார்க்க வேண்டும்.

பழைய பட்டியல்களை நம்பாதீர்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்தபின், பல ஸ்காலர்ஷிப்புகள் தங்கள் தகுதி விதியை மாற்றிக்கொண்டன. அந்தந்த அமைப்பின் தளத்தில் இந்த ஆண்டு விதியைப் படியுங்கள். விண்ணப்பிக்கவே பணம் கேட்கும் இடத்தைத் தொடாதீர்கள்.

அதே தீர்ப்பில், இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதுவதைக் கல்லூரிகள் கவனிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே கட்டுரைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். என் மாணவி ஒருத்தியின் முதல் வரைவு, "சிறு வயது முதலே தொழில்நுட்பம் பிடிக்கும்" என்று ஆரம்பித்தது. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். "கடைசியாக எதற்கு கோட் எழுதினாய்?" என்று கேட்டேன். அவள் அத்தை முடி பின்னும் கடை வைத்திருக்கிறார். ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தவருக்காக, நேரம் மோதினால் எச்சரிக்கும் சின்ன பைதான் நிரல் எழுதியிருக்கிறாள். எந்தப் பின்னலுக்கும் மூன்று மணி நேரம் என்று முதலில் எடுத்துக்கொண்டது தப்பாகி, பின்னலின் வகையைப் பொறுத்து நேரத்தை மாற்றியிருக்கிறாள். இதெல்லாம் கட்டுரைக்கு வரும் விஷயமா என்று கேட்டாள். இதுதான் கட்டுரை! பிள்ளை சொல்லச் சொல்லக் குறித்துக் கொடுங்கள், ஆனால் வாக்கியத்தை நீங்கள் எழுதாதீர்கள்.

சிபாரிசுக் கடிதத்தைச் செப்டம்பரிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்கும்போது பிள்ளை செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியரிடம் கொடுக்கட்டும்.

பணம் கிடைத்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. வெளியிலிருந்து 5,000 டாலர் வந்தால், சில கல்லூரிகள் தாங்கள் தரும் உதவியில் அதே அளவைக் குறைத்துவிடும். 2017-இல் மேரிலாந்துதான் முதன்முதலாகத் தன் அரசுக் கல்லூரிகளில் இதற்குச் சட்டத்தால் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மற்ற மாநிலத்துக்கோ தனியார் கல்லூரிக்கோ போகிற பிள்ளை, சேரும் முடிவை எடுக்கும் முன் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதி, "வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் முதலில் எதைக் குறைப்பீர்கள், கடனையா, கிராண்டையா?" என்று கேட்க வேண்டும். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். கடனைக் குறைத்தால் பிள்ளைக்கு லாபம். கிராண்டைக் குறைப்போம் என்றால், அந்தத் தொகையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று ஸ்காலர்ஷிப் தந்த அமைப்பிடம் கேட்டுப்பாருங்கள்.